மைக்கில் சொல்லாத பேர்

பிச்சைக்கனிக்குத் துரோகம் செய்தவர் கோவில்பட்டி இசை மன்றச் செயலாளர் தணிகாசலம். மைக் செட் கட்டுவது பிச்சைக்கனி. கச்சேரி முடிவில் 'ஒலி அமைப்பு' என்று தணிகாசலம் சொல்வதோ தன் மச்சான் கடைப் பேரை.

அப்போதெல்லாம் மன்றம் வெறும் தகரக் கொட்டகை. ஒருவர் தும்மினால் ஊரே தும்மியதுபோல் எதிரொலிக்கும்.

"ஏலே, இந்த வருசம் மேடையில குசுகுசுன்னு பேசினாலும் ஒவ்வொருத்தன் காதோரமும் கேக்கணும். கேட்டா உன் பேரைச் சொல்லுதேன்" என்றார் தணிகாசலம், எங்கே முடியப்போகிறது என்ற தைரியத்தில்.

"ஆகட்டும் அண்ணாச்சி."

பிச்சைக்கனி சுவரெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டு, நாலு மூலையிலும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றினான். கச்சேரியன்று புல்லாங்குழலைப் பக்கத்து நாற்காலிக்காரர் வாசிப்பதுபோல் இருந்தது. அந்தச் சுகம் பிறகு எந்த ஏசி அரங்கிலும் வாய்க்கவில்லை.

நன்றியுரையின்போது பொருளாளர் அருகில் வந்து பிச்சைக்கனி பேரை நினைவூட்டினார். தணிகாசலம் உள்ளங்கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு, "அவன் பேரு எதுக்குவே? மச்சான் கடையையே சொல்லிருவோம்" என்று கிசுகிசுத்தார்.

ஒவ்வொருவர் காதோரமும் அது கேட்டது. கொட்டகையே சிரித்தது.

"ஏலே, என்னலே செஞ்ச?"

"குசுகுசுப்பும் கேக்கணும்னீய. கேட்டுட்டு அண்ணாச்சி. இப்பம் பேரைச் சொல்லுங்க."

கூட்டம் பிச்சைக்கனி பேரைக் கூவக் கூவ, தணிகாசலம் செருப்பைக்கூட மாட்டாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஊரே கூவிய பேரை அவர் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.