காலி இருக்கையில் உட்கார்ந்தவர்

முன்னொரு காலத்தில், கடல் வந்து கோட்டை மதிலைத் தட்டிவிட்டுப் போகும் ஆம்பல்துறை என்ற ஊரைப் புகழ்வேள் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் தன் முகத்தின் மேல் அவனுக்கு அப்படியொரு ஆசை. காசில் அவன் முகம், கதவில் அவன் முகம், பட்டத்து யானையின் நெற்றிப்பட்டத்தில் அவன் முகம். அரண்மனை அடுக்களையில் ஊறுகாய் ஜாடியின் மூடியிலும் அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் முகம் வைக்க இடமே தீர்ந்துபோய்விட்டது.

இடம் தேடித்தான் ஒருநாள் பல்லக்கேறி, பிக்குகளின் அரசமரத் தோட்டத்துக்கு வந்தான். கூடவே மாளிகை அதிகாரி கொற்றங்கிழார். ராஜா தும்மினால்கூட, "ஆகா, என்ன சுருதி சுத்தம்" என்பவர்.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவள் சாத்தி. மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், பாதையோரம் நிற்கும் பழைய சிற்பக் கற்களில் பாசி ஏறாமல் ஈரத்துணியால் துடைப்பதும் அவள் வேலை.

முதல் கல்லில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பீடம். பீடத்தில் யாருமில்லை. அடுத்த கல்லில் ஒரு குதிரை, அதன் மேல் ஒரு குடை. சேணத்தில் யாருமில்லை.

"ஏன் ஆளே இல்லை?" என்றான் ராஜா. "சிற்பிக்கு நடுவில் பசி வந்துவிட்டதா?"

"ஆள் இருக்கிறார், ஐயா. புத்தர்," என்றாள் சாத்தி. "இதைச் செய்தவர்கள் அவர் உருவத்தைச் செதுக்க மாட்டார்கள். இடத்தை மட்டும் விட்டு வைப்பார்கள். பார்க்கிறவர் மனசிலிருந்து அவர் வந்து உட்கார்ந்துகொள்வார்."

கொற்றங்கிழார் மூக்கால் சிரித்தார். "மன்னா, இவளுக்கு விவரம் போதாது. எந்தச் சிற்பியாவது சும்மா இடம் விடுவானா? பின்னாளில் தாங்கள் பிறக்கப்போவது தெரிந்து, தங்களுக்காகப் பிடித்து வைத்த இடம் இது."

"எனக்கும் அப்படித்தான் தோன்றியது," என்று இழுத்தான் ராஜா. "அளவுகூடச் சரியாக இருக்கிறது. நாளை மறுநாள் உளியோடு ஆள் வரட்டும். பீடத்தில் ஒரு நான், குதிரையில் ஒரு நான்."

சாத்தி ஈரத்துணியோடு கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். "ஐயா, உங்களைச் செதுக்க வேண்டுமென்றால் அந்த மரத்தையும் குடையையும் கொத்தித் தள்ள வேண்டும். போனால் போனதுதான். இந்த மாதிரிக் கல் வேறு எங்கும் கிடையாது."

"காலி இடத்துக்கா இந்த அழுகை?" என்றார் கொற்றங்கிழார்.

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். "சரி பெண்ணே. காலி இருக்கையிலும் ஒருவர் இருக்க முடியும் என்று என் கண்ணால் பார்க்க வை. வைத்துவிட்டால் கல்லைத் தொட மாட்டேன். இல்லாவிட்டால் உளி உள்ளே, நீ வெளியே."

சொல்லிவிட்டுக் குளத்தில் தன் முகத்தைப் பார்க்கப் போனான். பல்லக்குத் தூக்கிகளும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் கொற்றங்கிழார் என்ன செய்தார் தெரியுமா? அக்கம்பக்கம் பார்த்தார். சட்டென்று ராஜாவின் பல்லக்குக்குள் ஏறினார். மெத்தையில் இரண்டு தடவை எம்பிப் பார்த்தார். கையைத் தூக்கி, இல்லாத ஜனங்களுக்கு ஆசி வழங்கினார்.

செடிகளுக்குப் பின்னாலிருந்து சாத்தி அதைப் பார்த்துவிட்டாள். என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ராஜா கிளம்பும்போது அவன் காதோடு சொன்னாள்: "நாளைக் காலை ஒரு பொழுது நீங்கள் சிம்மாசனத்தில் உட்கார வேண்டாம், ஐயா. மேலே குடை இருக்கட்டும். கீழே உங்கள் செருப்பு இருக்கட்டும். நாம் திரைக்குப் பின்னால் நிற்போம். யாருக்கும் சொல்லக் கூடாது."

ஒளிந்து விளையாடுவது என்றால் ராஜாவுக்கு உயிர். "கொற்றங்கிழாருக்குக்கூடவா?"

"முக்கியமாக அவருக்கு."

விடிந்தது. தரை அதிர நடந்து வந்த தளபதி, செருப்பைப் பார்த்ததும் பூனை மாதிரி நடந்தார். சண்டை போட்டுக்கொண்டே வந்த இரண்டு அதிகாரிகள் குடையைப் பார்த்ததும் குரலை விழுங்கினார்கள். ஒரு வலைஞர் வந்து, யானை தன் வலையை மிதித்த கதை முழுவதையும் செருப்பிடம் சொல்லி முடித்தார். "இவ்வளவு பொறுமையாக ராஜா ஒருநாளும் கேட்டதில்லை" என்று திருப்தியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திரைக்குப் பின்னால் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயா? நான் இல்லாத இடத்தில் நான் இன்னும் பெரிதாக இருக்கிறேன்."

"மெதுவாகப் பேசுங்கள், ஐயா. நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள்."

சபை கலைந்தது. குடைபிடிப்பவன் மட்டும் மிச்சம். அப்போது வந்தார் கொற்றங்கிழார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். மறுகாலையும் நுழைத்தார். ஏறி உட்கார்ந்தேவிட்டார்.

"எனக்கும் அப்படித்தான் தோன்றியது," என்று ராஜா மாதிரியே இழுத்தார். "ஊறுகாய் ஜாடிக்கு இன்னொரு முகம் கொண்டு வா."

காலையிலிருந்து அசையாமல் நின்ற குடைபிடிப்பவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கொட்டாவி விட்டான். குடையை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான்.

சாத்தி கிசுகிசுத்தாள்: "இவ்வளவு நேரம் அந்த இருக்கை நிறைந்திருந்தது, ஐயா. ஆள் ஏறி உட்கார்ந்ததும்தான் காலியாகிவிட்டது."

சிரிக்க வாயைத் திறந்த ராஜா, சிரிக்காமல் மூடிக்கொண்டான். "அப்படியானால், அந்தப் பீடத்தில் நான் ஏறியிருந்தால்..."

"நான் ஒன்றும் சொல்லவில்லை," என்றாள் சாத்தி.

ராஜா திரையை விலக்கினான். கொற்றங்கிழாருக்கு எழவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"உட்காருங்கள், கிழாரே. என் குரல் நன்றாகத்தான் வருகிறது. மூக்கு மட்டும் உங்களுடையது."

அன்றிலிருந்து அரசமரத்தடியில் இலை கூட்டுவது கொற்றங்கிழாரின் வேலை. தோட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் "ஏன் ஆளே இல்லை?" என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்வதும் அவர்தான்.

தோட்டத்துக்கு ஒரு வாய்க்கால் வந்தது. கற்கள் மழையில் நனையாமல் மேலே மண்டபம் எழுந்தது. உளி அங்கே நுழையக் கூடாது என்று வாசலில் ஒரு ஆணைக்கல் நட உத்தரவானது. எல்லாம் சாத்தியின் பொறுப்பு.

"ஆணைக்கல்லின் மேலே தங்கள் முகம்தானே, மன்னா?" என்று கேட்டான் சிற்பி.

பழக்கதோஷத்தில் ராஜா தலையை ஆட்டப் போனான். சாத்தியைப் பார்த்தான். "வேண்டாம். ஒரு சிம்மாசனம், மேலே ஒரு குடை. நடுவில் ஒன்றும் வேண்டாம்."

சிற்பி உளியை எடுத்தான். பத்தடி போன ராஜா வேகமாகத் திரும்பி வந்தான்.

"ஆனால், அந்த ஒன்றுமில்லாததைக் கொஞ்சம் கம்பீரமாகச் செதுக்கு."