கொற்றப்பன் தொண்டையில எத்தனை குரல்

ராசா கதைன்னு சொன்ன உடனே சப்பணம் போட்டு உக்காந்துட்டீங்களே! இப்ப புலி வரும், ராசா வாளை உருவுவாரு, கடைசியில கல்யாணம் நடக்கும், நமக்கும் ஒரு இலை போடுவாங்கன்னு நினைப்பு. அதோ, பின்னால உக்காந்திருக்கிற மீசைக்காரர் நரிக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. ஐயா, இந்தக் கதையில நரி கெடையாது. நரி செய்யக் கூசுற வேலையை ஒரு மனுசன் செஞ்சான். அதான் கதை.

உங்க பாட்டனுக்குப் பாட்டன் தொட்டில்ல கால் உதைச்சதுக்கும் முன்னால, முல்லைக்கோட்டைன்னு ஒரு ஊரு. அங்க ஒரு ராசா. அவர் சபையில கொற்றப்பன்னு ஒருத்தன். அவன் வித்தை என்னன்னா, குரல். காக்கா மாதிரிக் கரைவான். வண்டி அச்சு மாதிரி முனகுவான். ஒருத்தர் பேசி ஒரு தடவை கேட்டாப் போதும், அந்த ஆளே வந்து நின்ன மாதிரி பேசுவான்.

சாயங்காலம் ஆனா சபை கூடும். முதல்ல மந்திரி கேப்பாரு.

"கொற்றப்பா, எங்க வாத்தியார் மாதிரி ஒரு தடவை திட்டுப்பா."

"அடேய் மண்டு! ஏட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு என்னடா படிக்கிறே?"

அவ்வளவுதான். நரைச்ச தலை மந்திரி ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிப்பாரு. வாத்தியார் போய்ச் சேந்து எத்தனையோ வருசம்.

அடுத்து தளபதி. செத்துப்போன சம்சாரம் கூப்பிடுறதைக் கேக்கணும் அவருக்கு.

"ஏங்க, குழம்பு ஆறுதுங்க."

"இதோ வந்துட்டேன் தாயி"ன்னு தளபதி வாசலைப் பாத்துத் திரும்புவாரு. வாசல் காலியா இருக்கும்.

கடைசியா ராசா. அவர் வாய்விட்டுக் கேக்க மாட்டாரு. சும்மா பாப்பாரு. கொற்றப்பன் கண்ணை மூடி, ராசாவோட அம்மா குரல்ல "என் அய்யா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுவான். ராசாவுக்கு அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் செம்பாயின்னு ஒரு மோர்க்காரம்மா சபைக்கு வந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை. கோலைத் தட்டித் தட்டி நடு மண்டபத்துல வந்து நின்னுச்சு.

"ராசா, எம் மவன் உப்பு வண்டியோட வடக்க போனான். வருசம் ஓடிப்போச்சு, திரும்பலை. போன வாரம் வாசல்ல அவன் குரல் கேட்டுச்சு. 'ஆத்தா, நான்தான். கடன்காரன் பிடிச்சு வெச்சிருக்கான், மாட்டைக் குடுத்து மீட்டுக்கிட்டு வந்துடுறேன்'னான். நான் கறவை மாட்டையும் கன்னையும் அவுத்துக் குடுத்தேன். ஓட்டிக்கிட்டுப் போனதைப் பக்கத்து வீட்டுக்காரன் பாத்திருக்கான். போனது எம் மவன் இல்லை. இந்தக் கொற்றப்பன்."

கொற்றப்பன் தலை தொங்கிப்போச்சு. அவனுக்குத் தாயக்கட்டை உருட்டுற பைத்தியம். எல்லாத்தையும் தோத்திருந்தான்.

பொய்க்குரல் குடுத்து ஏமாத்தினவனை நாட்டை விட்டு விரட்டணும். அது அந்த ஊர்ச் சட்டம்.

மந்திரி பதறிப்போனாரு. "ராசா, மாடு தின்னுச்சுன்னு வயலையே கொளுத்துவோமா? ஆளு வேற, வித்தை வேற!"

தளபதியும் பதறிப்போனாரு. "இவன் போயிட்டா என் வீட்டுக்காரி ரெண்டாவது தடவை செத்துருவா ராசா!"

ராசா மெதுவாத்தான் பேசினாரு. "செம்பாயி, ஒரு மாட்டுக்கு ரெண்டு மாடு அரண்மனைத் தொழுவத்துல இருந்து ஓட்டிக்கோ. அவனை நான் கண்டிச்சுக்கிறேன். அவன் வித்தை மட்டும் இந்த ஊர்லயே இருக்கட்டும்."

"மாடு போனாப் போவுது ராசா"ன்னுச்சு செம்பாயி. "எம் மவன் குரல் இவன் தொண்டையில கெடக்குதே. நாளைக்கு நெசமாவே எம் மவன் வந்து 'ஆத்தா'ன்னு கூப்பிட்டா, நான் கதவைத் திறப்பேனா? இவன் இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் எப்படித் திறப்பேன்?"

அது நியாயம்தான்னு சபைக்கே தெரிஞ்சுச்சு. ஆனா யாருக்கும் கொற்றப்பனை விரட்டவும் மனசு இல்லை.

ராசா சொன்னாரு, "நீ அவன் வித்தையை ஒரு தடவைதான் கேட்டிருக்கே, அதுவும் கெட்ட நேரத்துல. இப்ப கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு. கொற்றப்பா, இன்னிக்கு ஒரு வார்த்தையோட நிறுத்தாதே. எங்க அம்மா இருந்திருந்தா என்ன பேசுவாங்களோ, அத்தனையும் பேசு."

கொற்றப்பனுக்கு உயிரே அதுல இருக்கு. கண்ணை மூடினான். மூச்சை இழுத்தான். பேசினான்.

"வந்துட்டியா என் அய்யா? சண்டையில அடிகிடி படலையே? கண்ணுதான் தெரியலை, கிட்ட வா, முகத்தைத் தொட்டுப் பாக்குறேன். இளைச்சுட்டியே சாமி. சாப்பிட்டியா?"

மந்திரி அழுதாரு. தளபதி அழுதாரு. ராசா சிம்மாசனத்துல சின்னப் புள்ளையாட்டம் தேம்பினாரு. அட, செம்பாயி கூட முந்தானையைக் கண்ணுல ஒத்திக்கிச்சு. கொற்றப்பன் செயிச்சுட்டான்னே வெச்சுக்குங்களேன்.

அப்ப ராசாவுக்குப் பின்னால விசிறி வீசிக்கிட்டு இருந்த அல்லி, விசிறியைக் கீழ போட்டா. அந்தப் பொம்பளை முன்னால ராசாவோட அம்மாவுக்குக் கடைசிக் காலத்துல கண்ணு தெரியாமப் போனப்ப பணிவிடை செஞ்சவ.

"இதே பேச்சுத்தான்! ஒரு சொல்லு மாறலை!"

"ஆமாம் அல்லி"ன்னாரு ராசா, மூக்கை உறிஞ்சிக்கிட்டே. "அம்மாவை அப்படியே கொண்டாந்துட்டான்."

"ஐயோ, அதில்லை ராசா! நீங்க சண்டையில இருந்து திரும்பறதுக்குள்ள அம்மா போயிட்டாங்களே! இந்தப் பேச்சை நீங்க எங்க கேட்டீங்க? உள்ள அவங்க இதைப் பேசினதை நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். அப்புறம் போய்ப் பாத்தா, 'எம் புள்ள வந்துட்டுப் போனான், கழுத்துப் பதக்கத்தைக் கழட்டிக் குடுத்தேன்'னாங்க. காய்ச்சல்ல பெனாத்துறாங்கன்னு விட்டுட்டோம். ராசா, உங்க குரல்ல பேசி உள்ள போனது இவன்தான். அம்மா கடைசியாத் தொட்டுப் பாத்தது இவன் முகத்தைத்தான்."

அதுக்கு மேல ராசா என்ன தீர்ப்புச் சொன்னாருன்னு என்னைக் கேக்காதீங்க. நீங்க என்ன சொல்லியிருப்பீங்களோ, அதைத்தான் சொல்லியிருப்பாரு.

அடுத்தவன் வீட்டுல விழுந்த அடி நம்ம வீட்டுலயும் விழுந்திருந்தா ஆளு வேற வித்தை வேறன்னு சொல்லுவோமான்னு யோசிச்சுட்டுத்தான், ஒரு வித்தைக்காரனை மன்னிக்கணும்.