சுவரைப் பிடித்த தும்பிக்கைகள்

யானைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் புதிதாக மாதா கோயில் கட்டினார்கள். பழைய கோயிலுக்கு ஒரு குறையும் இல்லை. குட்டையானது, தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல். ஆனால் பக்கத்து ஊர்க்காரன் கோபுரத்தைத் தூக்கிக் கட்டிவிட்டானே, பொறுக்குமா? "அவன் கோயில் நம்ம கோயிலுக்கு முழங்கால் ஒசரந்தான் இருக்கணும்" என்று மேஸ்திரி ஞானாதிக்கத்திடம் சொல்லிவிட்டார்கள்.

ஞானாதிக்கம் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. கூரான வளைவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார். உச்சியில் கல்லாலேயே கூரை போட்டார். சுவரைக் குடைந்து குடைந்து பனைமர உயரத்துக்கு ஜன்னல்கள் வைத்து, வண்ணக் கண்ணாடி பதித்தார். கடைசியில் சுவர் என்று மிஞ்சியது மெல்லிய தூண்கள் மட்டும்தான். அத்தனை கல்லையும் மலையிலிருந்து சுமந்தது கரியாத்தா என்ற பெண் யானையும் அவளுடைய கூட்டமும்.

வேலை பாதியில் இருக்கும்போது சாரத்திலிருந்து ஒரு கல் நழுவிக் கரியாத்தாவின் குட்டி மேல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். அது கோயிலின் நட்டநடு.

"அழாத ஆத்தா," என்றார் மேஸ்திரி. "கோயில் முடியட்டும். மொதல்ல உள்ள வர்றது நீதான். ஒம் புள்ள கெடக்கிற எடத்துல நாளெல்லாம் நில்லு, யாரு கேக்கப்போறா?"

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் மறுபடியும் கல் தூக்கினாள்.

கோயிலை மந்திரித்துத் திறக்கும் நாள் வந்தது. கரியாத்தா கடலில் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். யானையே நுழையலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு வைத்த வாசல் அது. மேஸ்திரி குறுக்கே நின்றார்.

"எங்க வர்ற?"

"எம் புள்ளயப் பாக்க. நீங்க சொன்னதுதான."

"சொன்னேன், சொன்னேன். இப்ப தளத்துல சலவைக்கல்லு போட்டிருக்கு. ஒங் காலு பட்டா நொறுங்கிப் போவும். வெளிய நின்னே கும்பிட்டுக்க."

"அந்தக் கல்லையும் நாந்தான சொமந்தேன்!"

கதவைச் சாத்திவிட்டார்கள். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. அந்தக் கதவை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

உள்ளே பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேலே படபடவென்று விரிசல் சத்தம். கூரையின் பாரம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளியது. பழைய தடித்த சுவராக இருந்தால் தாங்கியிருக்கும். ஜன்னலாகக் குடைந்த சுவர் என்ன செய்யும்? அது சாய்ந்தது.

"விழட்டும் விடு," என்றான் கூட்டத்துக் கொம்பன். "இது நம்ம பண்ணின பாவமில்ல."

கரியாத்தாவின் ஆசையும் அதுதான். உள்ளே இருப்பவர்கள் நசுங்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள், பொய் சொல்வானேன்? ஆனால் கூரை விழுந்தால் நட்டநடுவில் அல்லவா விழும்!

"எம் புள்ள மேல ஒரு கல்லு விழுந்தது பத்தாதா?" என்று பிளிறிக்கொண்டே ஓடித் தும்பிக்கையை உயர்த்திச் சுவரில் அழுத்தினாள். மற்ற யானைகளும் இரண்டு பக்கமும் ஓடிவந்து அழுத்தின. சுவர் நின்றது.

அலறியடித்து வெளியே வந்த மேஸ்திரி அதைப் பார்த்தார்.

"தாயே, கதவ அகலத் தெறந்துட்டோம். சலவைக்கல்லு போனாப் போவுது. உள்ள வா தாயே."

"தும்பிக்கைய எடுத்தா கூரை எம் புள்ள மேல விழுமே. எப்படிய்யா வர்றது?" என்றாள் கரியாத்தா. "காலையில அந்தக் கதவத் தெறந்திருந்தா ஒரு தடவ பாத்திருப்பேனே, பாவி!"

அதுதான் யானை மனிதனிடம் பேசிய கடைசிப் பேச்சு. நின்ற இடத்திலேயே அவளும் அவள் கூட்டமும் கல்லாகிப் போனார்கள்.

அன்று முதல்தான் அப்படி உயரமாகக் கட்டிய கோயில்களுக்கெல்லாம் வெளியே, வெயிலிலும் மழையிலும், வளைந்த கல் கைகள் வரிசையாக நின்று சுவரைத் தாங்குகின்றன. உள்ளே நிற்பவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்து, என்ன கைத்திறன் என்று இன்றைக்கும் மேஸ்திரியைத்தான் மெச்சுகிறார்கள்.