பெரியவர் கை அரிசி

சின்னச்சாமி மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைதோறும் வீடு வீடாகப் போய் அரிசி வாங்குவார்கள். அந்தந்த வீட்டில் வயதில் மூத்தவர்தான் தன் கையால் அள்ளிப் போட வேண்டும்.

குரு சின்னச்சாமிக்கு நாற்பது வயது. சீடர் வேலப்பனுக்கு ஐம்பத்தைந்து. வேலப்பன் தங்கமான மனுஷன்தான். ஆனால் யாராவது குனிந்து கும்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும், ஆள் அப்படியே உருகிவிடுவார்.

அன்று உச்சி வெயிலில் அரிசிப் பையோடு வந்தார்.

"சாமி, பிள்ளைன்னா மந்திரமூர்த்தி மாதிரி இருக்கணும். அப்பா பேரைச் சொல்லி ரெண்டு படி போட்டான்."

"யார் கையால வாங்கினீர்?"

"அவன் கையாலதான். பெரியவர் தூங்குதாராம்."

"போன மாசம்?"

"குளிச்சுக்கிட்டு இருந்தார்."

"அதுக்கு முந்தி?"

வேலப்பன் யோசித்தார். "அப்பவும் மகன்தான். காய்ச்சல்னான். படுத்திருக்கவரைப் போய் எழுப்பணுமான்னு..."

சின்னச்சாமி சாப்பிட உட்கார்ந்திருந்தார். பரிமாறிய இலையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். வேலப்பனும் பின்னாலேயே ஓடினார்.

மந்திரமூர்த்தி ஓடிவந்து காலில் விழுந்தான். "சாமியே என் வாசலுக்கு வந்துட்டீங்களே!"

"பெரியவர் வரட்டும்."

"அசந்து தூங்குதாவ சாமி."

"எழுந்திருக்கட்டும். நான் இருக்கேன்."

அவன் முகம் கறுத்தது. உள்ளே போனான். வாளியில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. அரைமணி நேரம் ஆயிற்று.

பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். புது வேட்டி, முழுக்கைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. நெற்றி நிறைய விபூதி. காது மடலில் சோப்பு நுரை காயாமல் இருந்தது.

"எவ்வளவு பாங்கா வச்சிருக்கான் பாருங்க சாமி," என்று வேலப்பன் காதோடு சொன்னார்.

சின்னச்சாமியின் பார்வை கீழே போனது. பெரியவரின் கால் நகங்கள் வளைந்து சதைக்குள் போயிருந்தன.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

பெரியவர் மகன் முகத்தைப் பார்த்தார்.

"காலையில நாலு இட்லி தின்னாவ," என்றான் மகன்.

"அவரைக் கேட்டேன்."

பெரியவர் மறுபடியும் மகனைத்தான் பார்த்தார்.

ஓலைக் கொட்டானில் அரிசி வந்தது. பெரியவர் ஒரு கை அள்ளிப் பையில் போட்டார். அடுத்த கையை அள்ளினார். அது பைக்கு வரவில்லை, வாய்க்குப் போனது. பச்சரிசியை அவசர அவசரமாக மென்றார். சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பு, இரண்டு கையிலும்.

ஐயோ, என்று வேலப்பனுக்கு வாய்விட்டு வந்துவிட்டது.

"புத்தி பேதலிச்சுப் போச்சு சாமி," என்றான் மந்திரமூர்த்தி. "தெருவுல இறங்கி ஓடிருவாவ. அதான்..."

சின்னச்சாமி நகர்ந்து, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் நின்றார். இப்போது பெரியவர் கண்ணுக்கு மகன் படவில்லை.

"என்னையப் பார்த்துச் சொல்லுங்க ஐயா. மடத்துக்கு வாறீங்களா?"

பெரியவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். "அங்கன கட்டிப் போடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப வாரேன்."

மகன் வழியை மறித்தான். "எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போக நீங்க யாரு?"

"ஊரைக் கூப்பிடுதேன். அந்தக் கையைப் பார்த்துட்டு அவங்க சொல்லட்டும் நான் யாருன்னு."

அவன் விலகினான்.

மடத்தில் கஞ்சி கொடுத்தார்கள். பெரியவர் ஒரு கையால் குடித்தார், மறு கையால் கிண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேலப்பனால் பார்க்க முடியவில்லை. தூணோரம் உட்கார்ந்து அழுதார்.

"சாமி, மூணு மாசம் அந்த வாசல்ல நின்னேனே. வழக்கம்னா சும்மா மரியாதைக்குன்னு நினைச்சிட்டேன்."

"அரிசிக்கா உம்மை அனுப்பினேன்?"

வேலப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னும் எத்தனை வீட்டுல பிள்ளைங்க கையால வாங்கினீர்?"

"ரெண்டு வீடு சாமி."

"அழுறதைப் போயிட்டு வந்து வச்சுக்கலாம். முதல்ல எந்த வீடு?"