இந்த மண்ணில் பிறந்தவர்கள்

கீழமங்கலம் பஸ் ஸ்டாண்டு சுவரில், ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார் பெயிண்டர் துரைக்கண்ணு. கடைசிப் பெயர் நர்ஸ் அந்தோணியம்மாள். காலராவுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்தியபோது, வீடு வீடாக நுழைந்து உயிர் காத்தவள். அப்படிப் பிழைத்தவர்களில் துரைக்கண்ணுவும் ஒருவர்.

பேரூராட்சித் தலைவர் வைரவசுந்தரம் பரிவாரத்தோடு வந்து நின்றார்.

"கடைசிப் பேரை அழிச்சுட்டு என் பேரை எழுதுய்யா."

"ஐயா, அந்தம்மா எத்தனை உயிரை..."

"பொழைக்க வந்தவ அவ! இந்த மண்ணுல பொறந்தவங்க பேரு மட்டும்தான் இங்கே இருக்கணும். அதையே தலைப்பா எழுது!"

துரைக்கண்ணு முதலில் தலைப்பை, 'இந்த மண்ணில் பிறந்தவர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள்.

"ஐயா வீட்டுக்குத் தலைச்சன் பிள்ளைதானே?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"பின்னே? மூத்த வாரிசு!" தலைவர் மீசையை முறுக்கினார்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே நடக்கும்? உங்கம்மாவுக்குத் தாய்வீடு மேலூராச்சே. அப்ப நீங்களும் இந்த மண்ணுல பொறக்கலையே, ஐயா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சரி, தலைப்பை அழி. ரெண்டு பேரு பேரும் இருக்கட்டும்" என்றார் தலைவர்.

"அழிச்சுடறேன். அந்தம்மா பேரு எதுக்குன்னு ஊருக்கே தெரியும். உங்க பேரு எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

தலைவர் கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். துரைக்கண்ணு தலைப்பின் மேல் சுண்ணாம்பு பூசினார். அந்தோணியம்மாள் எந்த ஊர்க்காரி என்று அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை.