தட்டு விளையாட்டு

படார்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் படார்.

பயிற்சிக்கூடத்தின் கேட்டைத் தாண்டும்போதே மயில்சாமிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. ஆள் யாரையும் காணவில்லை. சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

கொடியில் தொங்கிய ஜமுக்காளத்தைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார் பூங்கோதை டீச்சர். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முகாமின் தூசி கிளம்பியது.

மயில்சாமியைவிட டீச்சர் ஏழெட்டு வயது இளையவர். ஆனாலும் குரு என்றால் மயில்சாமிக்கு இவர்தான். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த மனுசனை, படிப்பை விட்டுத் தறி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சாயங்கால மையம் நடத்துகிற ஆளாக மாற்றியது, பல வருஷத்துக்கு முன்னால் டீச்சர் நடத்திய ஒரு முகாம்.

"வாங்ணா. என்ன இந்தப் பக்கம்?"

"விளையாட்டு செத்துப் போச்சுங் டீச்சர்."

டீச்சர் கம்பைக் கீழே வைத்தார்.

"எந்த விளையாட்டு?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங். தட்டு விளையாட்டு. பசங்க ஒருத்தரும் வர்றதில்லீங்க. தறி விட்டதும் வாய்க்கால் பாலத்து மேல போய் உக்காந்துக்கறாங்க. ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம் போடறாங்க. மையத்துல ஆளில்லீன்னா கட்டடத்தை நூல் குடோனுக்கு விட்டர்லாம்னு பேச்சு. அப்புறம் அதுகளுக்குத் தறி விட்டா வீடு, வீடு விட்டா தறி."

"தட்டு விளையாட்டா?"

டீச்சருக்கு ஞாபகமே வரவில்லை.

மயில்சாமிக்கு மனசு சுருக்கென்றது. அதை அவர் நினைக்காத நாளே கிடையாது. அந்த ஓட்டுக் கட்டடம். அண்டாவில் தக்காளிச் சாதம். வளர்ந்த ஆம்பளைகளும் பொம்பளைகளும் அலுமினியத் தட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் மூன்று எட்டு, ஒரு குனிவு, பின்னால் இரண்டு எட்டு, அப்புறம் ஒரு தாவல். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிப் போனது. பெரியவர்களும் இப்படிச் சிரிக்கலாம் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படி ஒரு நாள் அதற்கப்புறம் வரவில்லை. சொந்தக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடிக் காட்டினார்.

"ஒரு எட்டுக்கூட மாத்தலீங்க. பசங்க மறந்துருவாங்கன்னு தரையில பாதம் பாதமா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கறேன். தட்டுதான் எவர்சில்வர் ஆயிருச்சு."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கவில்லை.

"ஏனுங்ணா, நீங்க ரெண்டாம் நாள்தான வந்து சேந்தீங்க?"

"ஆமாங். மொத நாள் மொதலாளி விடலீங்க."

"மொத நாள் சாயங்காலம் ஒரே மழை. ஓடு கண்ட பக்கமெல்லாம் ஒழுகுச்சு. சோத்துத் தட்டைத் தலையில புடிச்சுட்டு, சொட்டாத இடமாப் பாத்துப் பாத்து ஓடுனோம். நான் எழுதி வெச்சிருந்த பாடம் பூராம் நனைஞ்சு போச்சு. அடுத்த நாள் வெயில் வந்ததும் கேலிக்கு ஒருக்கா ஆடுனாங்க. அதைத்தான் நீங்க பாத்தீங்க."

மயில்சாமி தலைமேல் இருந்த கையை இறக்கவில்லை.

"அந்த மூணு எட்டுங்?"

"சன்னலோரம்தான் காஞ்சு கெடந்துச்சு."

"தாவறது?"

"நடுவுல குட்டையாட்டம் தண்ணி நின்னுச்சுங்ணா."

மயில்சாமி ஜமுக்காளத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, தான் இல்லாத ஒரு சாயங்காலத்தை. ஏமாந்தது பெரிதாகத் தெரியவில்லை. அந்த மழையில் தானும் நனைந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

அப்புறம் சொன்னார்:

"எம்பட மையம் காங்கிரீட்டுங் டீச்சர். சொட்டுத் தண்ணி எறங்காது. புதுசா ஒண்ணு சொல்லிக் குடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பழக்கீருவேன்."

"தரையில மறுக்கா பெயிண்ட் அடிக்கறதுக்கா?"



டீச்சரும் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க பசங்க கடைசியா எப்பங்ணா சிரிச்சாங்க?"

"அதுக எங்கீங்க சிரிக்குது." கொஞ்சம் யோசித்தார். "நேத்துச் சிரிச்சாங்க. இந்த வாரம் பூராம் ஆறு மணிக்குக் கரண்ட் போயிருதுங். தறி அத்தனையும் ஒரே சமயத்துல நின்னுருச்சு. எல்லாம் பாலத்து மேல வந்து உக்காந்துச்சுக. தறி ஓடறப்ப பேசுனாக் காது கேக்காதில்லீங்க, நாங்க கையிலதான் பேசிக்குவோம். அந்தப் பழக்கத்துல, தறி நின்னும் ஒருத்தரும் வாயே தொறக்கலீங்க. கஸ்தூரின்னு ஒரு புள்ளை, மொதலாளியாட்டம் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு..."

அதற்கு மேல் வாயால் சொல்ல முடியவில்லை. எழுந்து நின்றார்.

தொப்பையை ஒரு தடவு தடவினார். முதலாளி வந்துவிட்டார். விரலை ஒரு சொடுக்கு. நூல் அறுந்தது. முதலாளி குனிகிறார், வேட்டி தறியில் மாட்டுகிறது. அவர் இந்தப் பக்கம் இழுக்க, தறி அந்தப் பக்கம் இழுக்கிறது. மேஸ்திரி மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டு, விரல் சந்து வழியாகப் பார்க்கிறார்.

டீச்சருக்கு அந்தக் கைப்பேச்சில் ஒரு வார்த்தையும் தெரியாது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அய்யோ! அப்புறம்? நீங்க என்ன பண்ணுனீங்க?"

மயில்சாமியின் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

"நானுங்களா? நேரமாச்சு, கதையை விட்டுப்போட்டுத் தட்டை எடுத்துட்டு மையத்துக்கு வாங்கன்னு..."

கையைக் கீழே இறக்கினார்.

காற்றில் ஜமுக்காளம் ஒருமுறை உப்பி அடங்கியது.

"மணி என்னாச்சுங் டீச்சர்?"

"நாலரை இருக்கும்."

"ஆறு மணிக்குக் கரண்ட் போயிருமுங்க." செருப்பைத் தேடி மாட்டினார். "இப்ப பஸ்ஸைப் புடிச்சா பாலத்துக்குச் சரியாப் போய்ச் சேந்துருவேன்."

"அட, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்ணா."

கேட்டருகே போயிருந்த மயில்சாமி திரும்பினார். வாயைத் திறக்காமல், இரண்டு கையாலும் என்னவோ சொன்னார்.

டீச்சருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அடித்து முடித்ததை உருவி மடித்து வைத்தார். அடுத்த ஜமுக்காளத்தைக் கொடியில் போட்டு, கம்பை எடுத்தார்.