வாய் காலியாகப் பிறந்த பிள்ளை

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேச்சோடுதான் பிறந்தன. மான்குட்டி தரையில் விழுந்ததும், "பால் எங்கே?" என்று கேட்கும். மனிதப் பிள்ளையும் அப்படித்தான். கருவிலேயே வனத்தாய் பேச்சை வைத்து அனுப்பிவிடுவாள். சாகும்வரை அதே பேச்சுதான். புதிதாக ஒரு சொல் சேராது.

மலையடிவாரத்தில் தேனாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பிறந்த பெண்பிள்ளை வாய் காலியாக வந்தது. வனத்தாய் எப்படியோ மறந்துவிட்டாள்.

"பேச்சில்லாத பிள்ளைக்குப் புத்தி எங்கேயிருந்து வரும்? காட்டுல விட்டுட்டு வா" என்றது குரங்கு.

தேனாயி விடவில்லை. கிழங்கு தோண்டப் போனாலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினாள். "இது மண்ணுடி. அதோ பாரு, எறும்பு நடக்குது." பிள்ளை அவள் உதட்டையே பார்த்தது. "ங்கா" என்றது. பல மாதம் கழித்து ஒருநாள் "மண்ணு" என்றது. தேனாயி குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் நாளுக்கொரு சொல். எறும்பைப் பார்த்து "நடக்குது" என்றவள், மேகத்தைப் பார்த்தும் அதையே சொன்னாள். ஊரே சிரித்தது.

மூன்றாம் வருஷம் அடைமழை. ஒரு காலையில் பிள்ளை மேலே கையைக் காட்டி, "மலை நடக்குது" என்றாள்.

"மலையாவது, நடக்கிறதாவது!" என்றார் ஊர்த்தலைவர். அப்படியொரு பேச்சு அவருக்குள் வைக்கப்படவே இல்லை.

தேனாயி நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் மரங்கள் நின்றபடியே நகர்ந்துகொண்டிருந்தன. பிள்ளையை வாரி எடுத்தாள். "மலை நடக்குது! ஓடி வாங்க!" என்று கத்தினாள். அவளும் பிள்ளையிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாள். எல்லோரும் எதிர்மேட்டில் ஏறி மூச்சு வாங்கும்போது, சேறு வந்து குடிசைகளை மூடியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

வனத்தாய் தலைகுனிந்து வந்தாள். தேனாயிக்கு அப்போது வயிற்றில் அடுத்த பிள்ளை.

"மூத்தவளுக்கு மறந்துட்டேன். இதுக்கு நிறையவே கொடுத்துடறேன்" என்றாள்.

"வேண்டாம் தாயே. இதையும் காலியாவே அனுப்பு."

"பசியா, வலியான்னு சொல்லத் தெரியாதே. நீதான் கிடந்து தவிக்கணும்."

"தவிக்கிறேன். நீ கொடுத்தா, கொடுத்ததோட நின்னுடும். இவளா எடுத்துக்கிட்டது நிக்கவே இல்லையே!"

பின்னால் நின்ற பெண்களும் "எங்களுக்கும் அப்படியே" என்றார்கள். விலங்குகள், தங்களுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்து, தம் குட்டிகளை அணைத்துக்கொண்டு விலகிப் போயின.

இன்றும் பசுங்கன்று பிறந்த அன்றே "அம்மா" என்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. மனிதப் பிள்ளையோ அன்று முதல் அந்த ஒரு சொல்லுக்கே ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிறது, அதற்கப்புறம் நிறுத்துவதே இல்லை.